அயோவா கிராமப்புறத்துக்குக் குடிபோகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரோடும் பஸ் ரூட்டும்தான்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் டாக்டர் வேலை கிடைத்திருக்கிறது. எட்டு வயதில் பெண், பதிமூன்று வயதில் பையன். ஊருக்கு ஏழு மைல் வெளியே, சரளைச் சாலை ஓரத்தில் ஒரு பழைய பண்ணை வீடு வாடகைக்கு வருகிறது. பெரிய மரங்கள், விசாலமான முற்றம், சுற்றிலும் சோளக்காடு. அங்கே ரோடு எப்படி இருக்கும், பள்ளிக்கூடம் எப்படி, அக்கம்பக்கத்தில் பழகுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. அங்கே பள்ளி வாழ்க்கை ரோட்டை நம்பி இருக்கிறது, ஊர் வாழ்க்கை பள்ளியை நம்பி இருக்கிறது. அதனால் அதே வரிசையில் போகிறேன். வீட்டைப் பற்றிய என் கருத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் குளிர்காலமும் அதற்கடுத்த வசந்தமும் முடியும்வரை ஊருக்குள்ளேயே வீடு பாருங்கள். பண்ணை வீடு அடுத்த வருஷமும் கிடைக்கும்.

அயோவாவின் மேலே விமானத்தில் போனால் நிலம் முழுக்கச் சதுரம் சதுரமாகத் தெரியும். 1785-ல் அமெரிக்க காங்கிரஸ் போட்ட நிலச் சட்டத்தின் வேலை அது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 துண்டுகள், ஒவ்வொரு துண்டும் 640 ஏக்கர். அந்தத் துண்டுகளின் எல்லைக்கோட்டில்தான் ரோடு போட்டார்கள். அதனால் பெரும்பாலான இடங்களில் மைலுக்கு ஒரு ரோடு, நேர் வடக்கு தெற்காகவும் நேர் கிழக்கு மேற்காகவும் போகும். அதே சட்டம் 16-ம் எண் துண்டைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கியது. அயோவாவில் அந்த நிலங்களை விற்றுப் பணத்தைப் பள்ளி நிதியில் சேர்த்தார்கள். ஆக, உழவர்கள் வந்து குடியேறுவதற்கு முன்பே ரோடு எங்கே போகும், பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது வரைபடத்தில் ஏறிவிட்டது.

இந்தச் சதுரங்களால் வந்த விளைவு ஒன்றை நீங்கள் போன முதல் நாளே உணர்வீர்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டதால், தெருவும் தெருவில் வரிசையாக வீடுகளும் உள்ள கிராமம் என்று ஒன்று உருவாகவே இல்லை. அரை மைலுக்கு ஒரு வீடு, சில இடங்களில் இரண்டு மைலுக்கு ஒன்று. 1930களில் அந்த மாநிலத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் சுமார் 87,000. நிலம் அப்படியே இருக்கிறது, உழுகிற குடும்பங்கள்தான் குறைந்துவிட்டன. நீங்கள் பார்த்த மாதிரி வீடுகள் வாடகைக்கு வருவதற்கும் இதுதான் காரணம்: பக்கத்து விவசாயி நிலத்தை வாங்கியிருப்பார், வீடு அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

ரோட்டுக்கு வருவோம். மாநிலத்தில் 99 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. கவுண்டிகளின் பொறுப்பில் உள்ள சாலைகள் மட்டும் ஏறக்குறைய 90,000 மைல், அதில் பெரும்பகுதி சரளை. தேர்தலில் ஜெயித்து வரும் கவுண்டி சூப்பர்வைசர்கள் பணத்தை ஒதுக்குவார்கள், கவுண்டி இன்ஜினியர் வேலையை நடத்துவார். ஆனால் உங்கள் வீட்டு முன்னால் உள்ள ரோட்டின் நிலைமை நிஜத்தில் கிரேடர் என்ற ரோடு சமன்செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. பொதுவாக ஒரு பகுதிக்கு ஒருவரைப் போட்டிருப்பார்கள், பல வருஷமாக அதே பகுதியை ஓட்டுகிற ஆளாக இருப்பார். ரோட்டின் நடுவை மேடாக வைத்து இரண்டு பக்கமும் சரிவாக இழுப்பது அவர் வேலை. அந்தச் சரிவு போய்விட்டால் மழைத்தண்ணீர் நடுவிலேயே தேங்கிக் குழி விழும். வண்டிகள் வேகமாகப் போகப் போக, சரளையில் குறுக்கே அலை அலையாக வரி விழும். அதன்மேல் ஐம்பது மைல் வேகத்தில் போனால் டயர் தரையில் பாதி நேரம்தான் பதியும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்: சரளையில் பிரேக்கை அழுத்தி மிதிக்காதே, ஓரத்துக் குவியலில் சக்கரம் ஏறினால் வெடுக்கென்று திருப்பாதே.

பனிக்காலத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். நான் அதிகம் எச்சரிப்பது மார்ச் மாதத்தைப் பற்றி. குளிர் விடும்போது மேல் மண் முதலில் இளகும், அடியில் இன்னும் உறைந்தே கிடக்கும். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் ரோடே சேறாகக் குழைந்துவிடும். கார் அச்சு வரை இறங்கிவிடுவதும் உண்டு. அந்த வாரங்களில் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வரும்: இன்று பஸ்கள் தார் ரோட்டிலும் கான்கிரீட் ரோட்டிலும் மட்டும்தான் போகும். அதாவது பஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தச் சேற்றைக் கடந்து, பக்கத்து நல்ல ரோட்டின் முனையில் காத்திருக்க வேண்டும், மாலையிலும் அதே. மனைவி ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்றால் அந்த வேலை முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

ஆகஸ்டில் வேறொரு ஆபத்து. சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். பல சரளைச் சந்திப்புகளில் நிறுத்தப் பலகையும் இருக்காது, வழிவிடும் பலகையும் இருக்காது. வலது பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம், ஆனால் நாலு பக்கமும் சோளம் மறைத்தால் யார் வருகிறார்கள் என்று எப்படித் தெரியும்? காய்ந்த நாளில் தூசி எழுவதைப் பார்க்கலாம், மழை பெய்த மறுநாள் அதுவும் இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்கிற அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். செப்டம்பர் கடைசியில் அறுவடை தொடங்கினால் ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு இயந்திரங்கள் வரும். பின்னால் ஆரஞ்சு முக்கோணம் தெரிந்தால் பொறுமையாகப் போங்கள், அவர் இடம் பார்த்து ஒதுங்கிவிடுவார்.

இன்னும் இரண்டு விஷயம். 'பி நிலை' என்று ஒரு வகை ரோடு உண்டு, மிகக் குறைந்த பராமரிப்புதான், உங்கள் சொந்தப் பொறுப்பில் போங்கள் என்று பலகையே வைத்திருப்பார்கள். அது வெறும் மண். கார் நேவிகேஷன் குறுக்குவழி என்று அதில் இழுத்துவிடும், நம்ப வேண்டாம். அப்புறம் பாலங்கள். மோசமான நிலையில் உள்ள பாலங்களின் எண்ணிக்கையில் அமெரிக்காவிலேயே அயோவாதான் முன்னால் நிற்கிறது, சுமார் 4,500 பாலங்கள். பெரும்பாலும் கவுண்டி ரோடுகளில், அந்தக் காலத்துச் சின்ன டிராக்டருக்காகக் கட்டியவை. இப்போதைய தானிய வண்டிகளின் எடையை அவை தாங்காது. காருக்குப் பயமில்லை, ஆனால் எடை வரம்பு போட்டுவிட்டால் ஸ்கூல் பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் சுற்றிப் போக வேண்டியிருக்கும். 2015-ல் பெட்ரோல் வரியை கேலனுக்கு 10 சென்ட் ஏற்றியதற்கு ரோடுகளும் இந்தப் பாலங்களும்தான் காரணம்.

வீட்டு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 911 அவசர சேவைக்காக அந்த ரோடுகளுக்கெல்லாம் பெயரும் எண்ணும் வைத்தார்கள். பல கவுண்டிகளில் 220-ம் தெரு, 230-ம் தெரு என்று மைலுக்குப் பத்து எண் கூடும், வீட்டு எண்ணும் அந்தக் கணக்கிலேயே வரும். கணக்கு பிடிபட்டால் எந்த முகவரியையும் வரைபடம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இரண்டு பிள்ளைகளுக்கும் முகவரியை மனப்பாடம் செய்ய வையுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள்.

இனி பள்ளி. 1900 வாக்கில் அயோவாவில் 12,000-க்கும் மேல் ஓரறைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஏன் அத்தனை? ரோடு சேறாக இருந்தது, பிள்ளைகள் நடந்து போக வேண்டும், எனவே சுமார் இரண்டு மைலுக்கு ஒன்று வேண்டியிருந்தது. ரோட்டைச் சரிசெய்தால்தான் நல்ல பள்ளி கட்டலாம் என்பது அப்போதே தெரிந்த உண்மை. 1904-ல் ஏம்ஸ் நகரில் உள்ள மாநிலக் கல்லூரியிடம் நெடுஞ்சாலைக் கமிஷன் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அங்கே தொடங்கிய தாமஸ் மெக்டொனால்ட் 1919-ல் நாட்டின் சாலைத்துறைத் தலைவராகி 1953 வரை இருந்தார். ரோடு வந்தது, பஸ் வந்தது, ஓரறைப் பள்ளிகள் மூடின. 1950களின் தொடக்கத்தில் நாலாயிரத்துக்கும் மேல் இருந்த பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) 1960களின் கடைசியில் ஐந்நூறுக்கும் கீழே வந்தன. இப்போது சுமார் 325.

இணைப்பு எப்படி நடந்தது என்பது பள்ளிகளின் பெயரிலேயே தெரியும். பி.சி.எல்.யூ.டபிள்யூ. என்று ஒரு பள்ளி மாவட்டம் உண்டு. பீமன், கான்ராட், லிஸ்கோம், யூனியன், விட்டன் ஆகிய ஐந்து ஊர்களின் முதலெழுத்து. எந்த ஊரும் தன் எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி இரண்டு ஊர்கள் முன்னால் யூனியன்-விட்டன் என்று தனிப் பள்ளி வைத்திருந்தன. 1968-ல் பெண்கள் கூடைப்பந்து மாநில இறுதிப் போட்டியில் அந்தப் பள்ளி எவர்லி என்ற ஊரை 113-107 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. விட்டன் ஊர்ப் பெண் டெனிஸ் லாங் அன்று 64 புள்ளி எடுத்தார், எதிரணியின் ஜீனெட் ஓல்சன் 76. அணிக்கு ஆறு பேர், மூன்று பேர் அடிக்க, மூன்று பேர் தடுக்க, நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது என்ற விதியில் அயோவாவில் 1993 வரை பெண்கள் ஆடினார்கள். 1969-ல் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி டெனிஸ் லாங்கைத் தேர்ந்தெடுத்தது, லீக் அதை ரத்துசெய்தது. ஊரே திரண்டு நின்ற அந்தப் பள்ளியின் பெயர் இன்று இரண்டு எழுத்தாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இணைப்பு என்றால் அந்த மக்கள் குரலில் ஏன் ஒரு கனம் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். பேச்சுக்குப் பேச்சு "எப்படியும் மூடத்தானே போகிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இணைந்த மாவட்டங்களில் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி ஓர் ஊரில், நடுநிலைப் பள்ளி இன்னோர் ஊரில் இருக்கும். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதனால் உங்கள் பெண்ணும் பையனும் இரண்டு வேறு ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கலாம். பஸ் பயணம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒருவழிக்கு 60 நிமிஷம், உயர்நிலை மாணவருக்கு 75 நிமிஷம் வரை போகலாம் என்பது மாநில விதி. ரூட்டில் முதல் வீடு உங்களுடையது என்றால் அந்த வரம்பைத் தொட்டுவிடும். காலை ஆறே முக்காலுக்கு இருட்டில், பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில், ஒரு எட்டு வயதுப் பெண் வாசல் பாதை முனையில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் வீடு என்றால் அவள் நடந்தே போய்விடுவாள். அதனால்தான் முதல் வருஷம் ஊருக்குள் இருங்கள் என்கிறேன்.

பனி கொட்டிய நாளில் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கே பள்ளிக் கண்காணிப்பாளர் தன் வண்டியில் சரளை ரோடுகளைச் சுற்றிப் பார்ப்பார். அப்புறம் இரண்டு மணி நேரத் தாமதமா, விடுமுறையா என்று முடிவு வரும். கவுண்டியின் பனி தள்ளும் வண்டிகள் முதலில் தார் ரோட்டைத் தள்ளிவிட்டு அதன்பிறகே சரளைக்கு வரும், ராத்திரியில் பெரும்பாலும் வராது. அந்த இரண்டு மணி நேரம் அதற்காகத்தான்.

படிப்பு எப்படி? என் அனுபவத்தில் தொடக்கப்பள்ளி மிக நன்றாக இருக்கும். ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் குடும்பமும் தெரியும். உயர்நிலையில் குறை தெரியும்: வெளிநாட்டு மொழி என்றால் ஸ்பானிஷ் மட்டும், இயற்பியலும் வேதியியலும் ஒரே ஆசிரியர், மேல்நிலைக் கணிதத்துக்கு நாலே மாணவர்கள். அதற்கு ஈடாக, சமுதாயக் கல்லூரிப் பாடங்களைப் பள்ளியில் இருந்தபடியே எடுக்கும் வசதி அங்கே நன்றாக நடக்கிறது, செலவைப் பள்ளி மாவட்டம் ஏற்கும். பையன் ஒன்பதாம் வகுப்பு போனதும் கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள். இன்னொரு பெரிய லாபம், எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றுக்கும் தேவைப்படுவார்கள். வகுப்பில் முப்பது பேர்தான் என்றால் நாடகம், இசைக்குழு, ஓட்டம், பேச்சு எல்லாவற்றிலும் அதே முப்பது பேர்தானே? அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் விளையாட்டு உடையோடே டிரம்ஸ் வாசிக்கிற பையன்களை அங்கே பார்க்கலாம். அணியில் இடம் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து நொந்துபோகும் நகரத்துக் கதை அங்கே குறைவு.

பையன் 14 வயதில் பழகுநர் உரிமம் வாங்கலாம். அதை ஆறு மாதம் வைத்திருந்து ஓட்டுநர் வகுப்பும் முடித்தால், பதினாலரை வயதில் பள்ளிக்குத் தனியாக ஓட்டிப் போகும் உரிமம் தருகிறார்கள். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். அங்கே அது தேவையிலிருந்து வந்த சட்டம், ஆனால் உங்கள் பையன் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவன் இல்லை. பதினாறு வரை பொறுங்கள், ஊர் என்ன சொன்னாலும் சரி.

பழக்கம் எப்படி வரும்? அந்த மக்கள் உதவிக்கு முதல் ஆளாக வருவார்கள், வீட்டுக்குள் அழைப்பதற்கு நாளாகும். எதிரே வண்டியில் வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். நீங்களும் தூக்குங்கள், அதுதான் வணக்கம். கார் பள்ளத்தில் இறங்கினால் அரை மணிக்குள் யாராவது டிராக்டரும் சங்கிலியுமாக வந்துவிடுவார், பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். ஒரு விவசாயி அறுவடைக் காலத்தில் படுத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் தங்கள் இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் அவர் வயலை முடித்துக் கொடுப்பார்கள். பெண்கள் சமைத்து வயலுக்கே எடுத்துவருவார்கள். தங்கள் வயல் அப்படியே நிற்கும்போது செய்கிற வேலை அது. ஆனால் இவ்வளவு செய்தவர்களே உங்களைச் சாப்பிடக் கூப்பிட ஒரு வருஷம் ஆகலாம். அதை ஒதுக்குதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு மூன்று தலைமுறைச் சொந்தமே பக்கத்தில் இருக்கிறது, புதிதாக ஆள் தேடும் பழக்கம் அவர்களுக்கு வரவில்லை.

உள்ளே போகும் வாசல் பள்ளி ஜிம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு ஊரே வரும், பிள்ளை இல்லாத கிழவர்கள்கூட. அங்கே தின்பண்டக் கவுண்டரில் வேலைசெய்யப் பெற்றோர் முறைபோட்டுப் பெயர் கொடுப்பார்கள். நீங்கள் முதல் மாதமே பெயர் கொடுங்கள். சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதிலேயே கறியையும் சீஸையும் போட்டு நீட்டுவதுதான் வேலை, ஒரே ராத்திரியில் ஊரில் பாதிப் பேருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். பெண்ணை 4-எச் என்ற பிள்ளைகள் இயக்கத்தின் உள்ளூர் கிளப்பில் சேர்த்துவிடுங்கள். அந்த இயக்கத்தின் வேர்களில் ஒன்று அயோவாவின் பேஜ் கவுண்டி, ஜெஸ்ஸி ஃபீல்ட் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பண்ணை இல்லாத பிள்ளையும் சேரலாம். முயல், தையல், புகைப்படம் என்று ஏதாவது ஒன்றை ஜூலையில் கவுண்டி கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள்.

புதன்கிழமை மாலை பள்ளியில் பயிற்சி வைக்கமாட்டார்கள், அது சர்ச்சுக்கு விட்ட நேரம். உங்கள் பிள்ளைகளுக்கு அன்று யாரும் இல்லாதது போலத் தோன்றும். நண்பர்கள் அங்கே கூப்பிடவும் செய்வார்கள். போவதும் போகாததும் உங்கள் முடிவு, வேண்டாம் என்று நேராகச் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மாநிலத் தலைநகர் டெ மொய்னுக்கு வடக்கே மாட்ரிட் என்ற ஊரில் இந்துக் கோயில் இருக்கிறது. ஏம்ஸ், டெ மொய்ன், அயோவா சிட்டி பக்கம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள், இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தாலும். பிள்ளைகளுக்கு அது மிக அவசியம்.

எல்லா ஊரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டார்ம் லேக், வெஸ்ட் லிபர்ட்டி மாதிரி இறைச்சி ஆலை உள்ள ஊர்களில் பள்ளியில் பாதிக்கு மேல் குடியேறியவர்களின் பிள்ளைகள். வெஸ்ட் லிபர்ட்டியில் 1998 முதல் ஆங்கிலமும் ஸ்பானிஷும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். அந்த ஊர்களின் பள்ளிகள் மூடுகிற பயத்தில் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது அப்படிப்பட்ட ஊரா, இல்லை நீங்கள் மட்டுமே வெளியூர்க் குடும்பமாக இருக்கப்போகிற ஊரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், நீங்கள் போய் இறங்குவதற்கு முன்பே புது டாக்டர் குடும்பத்தைப் பற்றி ஊருக்கே தெரிந்திருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு போன் செய்யுங்கள். பள்ளி மாவட்டத்தின் பஸ் பொறுப்பாளரிடம் முகவரியைச் சொல்லி, எந்த ரூட், எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள், சேற்று நாளில் எங்கே கொண்டுவந்து விட வேண்டும் என்று கேளுங்கள். கவுண்டி இன்ஜினியர் அலுவலகத்தில், அந்த ரோடு எந்த நிலை, பனி தள்ளும் வரிசையில் எத்தனையாவது, வழியில் எடை வரம்பு போட்ட பாலம் உண்டா என்று கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பண்ணை வீட்டையே எடுப்பதாக இருந்தால் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் சோதனை செய்யாமல் குடிக்க வேண்டாம், கவுண்டி சுகாதாரத் துறையில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஆகஸ்ட் 23-க்கு முன் பள்ளி திறக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது, அதனால் ஆகஸ்ட் முதல் வாரமே போய்ச் சேர்ந்துவிட்டால் சேர்க்கைக்கு நேரம் இருக்கும். பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும்போதே கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சேர்க்கையில் இழுபறி ஆகும்.